ஹார்ன் முடித்து வைத்த சம்பந்தம்

ஒரு குடும்பத்தில் ஒருவன் மட்டும் பள்ளிக்கூடம் போய்விட்டால், அவனுக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கோழி சுருண்டு படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் (வெட்கமே இல்லாமல்) போய்ப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருவேன். கோழி செத்துப்போகும். என் மதிப்பு மட்டும் குறையாது.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த சில மாதங்களில் காஜா பேராங்கில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். டவுனில் துணிக்கடை வைத்திருந்தவர் மகள், சரோஜா. காப்பித் தட்டோடு அவள் வந்து போனதுமே நான் முடிவு செய்துவிட்டேன். அவள் அப்பா சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவரோ, சாயம் போகுமா போகாதா என்று துணியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம் மவன் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ். வெத்தலைகூடப் போடமாட்டான்,” என்றார் அம்மா.

“அப்படியா? நம்ம காடில ஹார்ன் அடிக்கல. ஃபியூஸ் போயிருக்கும்னு சொல்றாங்க. தம்பிக்குப் பாக்கத் தெரியுமா?”

“அவனுக்கா தெரியாது?” என்றார் அம்மா.

எனக்குத் தெரியாது. ஆனால் நாடே தன் காலில் நிற்கத் தொடங்கியிருந்தபோது ஒரு ஃபியூஸுக்கா பயப்படுவது? வெள்ளைச் சட்டையோடு அவர் காருக்குள் களமிறங்கினேன். சீட்டுக்கு அடியில் தேடினேன். ஸ்பேர் டயரைத் தூக்கித் தேடினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்தும் எட்டிப் பார்த்தேன் (ஃபியூஸ் நீச்சல் பழகியிருக்கலாம் அல்லவா). கடைசியில் எஞ்சின் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய் கருகிக் கிடந்தது.

“இதற்கு மாற்று சிங்கப்பூரிலிருந்துதான் வர வேண்டும். தற்காலிகமாக ஒன்று செய்கிறேன்,” என்று மேடைத் தமிழில் அறிவித்துவிட்டு, பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து, உள்ளிருந்த வெள்ளித்தாளைக் கிழித்துச் சுருட்டினேன்.

சிகரெட் பெட்டி. என் பையிலிருந்து. அவர் கண் முன்னால்.

“வெத்தலை மட்டுந்தான் இல்லபோல,” என்றார் அவர். அம்மா ஆகாயத்தைப் பார்த்தார்.

சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்துவிட்டது. அதைக்கூடக் கவனிக்காமல் நான் வெள்ளித்தாளை மாட்டினேன்.

ஹார்ன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஹார்ன் பொத்தான் உள்ளே சிக்கிக் கிடந்ததும், அதனால்தான் அந்த ஃபியூஸ் உயிரை விட்டிருந்ததும் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. தாளைப் பிடுங்கப் போனேன், விரல் வெந்தது.

மலாய் பேசும் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டிப் பக்கமிருந்து சனம் திரண்டு வந்தது. கல்யாணக் காடிதான் இப்படி ஊரைக் கூட்டும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் பலகாரத் தட்டோடு வந்து, ஹார்னையும் மிஞ்சிக் கத்தினார்: “சாப்பா காவின்?” யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார்.

சரோஜாவின் அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா, தமக்குத் தெரிந்த மூன்று மலாய்ச் சொற்களையும் செலவழித்துவிட்டார். “சாயா பூஞா அனாக்.” என் பிள்ளைக்குத்தான்.

ஆளாளுக்குச் சரோஜா அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவழியாக ஈரத் துண்டால் வெள்ளித்தாளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவர் பலகாரத் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஊரே வாழ்த்திட்டுப் போவுது. இனிமே இல்லைன்னு வீடு வீடாப் போயா சொல்ல முடியும்?”

அவ்வளவு உற்சாகமாக எனக்குச் சம்மதம் கிடைத்தது.

அந்தக் கறுப்புப் பெட்டியின் மூடிக்குள்ளேயே உதிரி ஃபியூஸ் இருந்ததைச் சரோஜா கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொன்னாள். (ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க சிங்கப்பூர்னு சொல்றீங்க, நான் குறுக்கே பேசலாமா?”)

இன்றும் வீட்டில் விளக்கு அணைந்து, ஃபியூஸ் பார்க்க நான் இருட்டில் ஸ்டூலைத் தேடும் சத்தம் கேட்டால் போதும். பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அடுக்களையிலிருந்து சரோஜா குரல் வரும்:

“நீங்க தொடாதீங்க. அன்னிக்கு மாட்டின ஃபியூஸுக்கே நான் இன்னும் சமைச்சுப் போட்டுக்கிட்டிருக்கேன்.”