ராஜினாமா அண்ணனும் அந்தக் கிழவனும்

ஒரே வேலையை நான்கு முறை விட்டுவிட்டு, நான்கு முறையும் அதே வேலையில் புது ஆளாகச் சேர்ந்தவர் போடி மலையிலேயே ராஜினாமா அண்ணன் ஒருவர்தான். எழுபதுகளில் நான் அங்கே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கிளார்க். அவர் காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு பார்ப்பவர். அவர் கைப்பக்குவத்தில்தான் காய் பச்சை மாறாமல் காயும். அதனால் மேனேஜர் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்வார்.

எல்லாம் வயதான காலத்துக்கென்று சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் பி.எஃப். பணத்தால் வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் உங்களுக்கே வரும் என்று விளக்கினேன்.

"அம்பத்தெட்டு வயசுல நானா வரப்போற அந்தக் கிழவன நான் பாத்ததே இல்ல தம்பி. பல்லில்லாதவனுக்குச் சேத்து வச்சிட்டு, பல்லு மொளச்ச பிள்ளைய எப்படிப் பட்டினி போடுறது?"

என்று சொல்லி அவர் வேலையை விட்டார். வேலையில் இல்லாதவருக்குத்தான் பணம் நடுவில் கிடைக்கும் என்பதால், தன் ஊரான சிலமலையில் சில மாதம் சும்மா இருந்து அதை வாங்கி, கூரைக்கு ஓடு போட்டார். கருப்பையாவாக மலையிறங்கியவர், புது ஆள் என்று பதிய மாயாண்டி என்ற பெயரோடு ஜீப்பில் ஏறி வந்தார். அடுத்த முறை மகள் படிப்புக்கு. அப்புறம் எதற்கோ. காலையில் பெயர் கூப்பிட்டால் யார் பெயருக்கும் "இருக்கேன்" என்பார், தன் புதுப் பெயருக்கு மட்டும் பேசாமல் நிற்பார். அவர் மனைவிக்கு இந்தக் குழப்பமே இல்லை. புருஷன் பெயரை அவர் என்றுமே சொன்னதில்லை.

ஐந்தாவது முறை ராஜினாமா செய்ய என்னிடம் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது. அடமானத்தில் இருந்த அரை ஏக்கரை மீட்க வேண்டுமாம். எனக்கு என்ன தோன்றியதோ, சட்டம் மாறிவிட்டது, இனி நடுவில் எடுக்க முடியாது என்று பொய் சொல்லிவிட்டேன். நிலம் போயிற்று. எட்டு வருடம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தூக்கம் கெட்டது எனக்குத்தான்.

ஐம்பத்தெட்டில் பணம் வந்தது. அதில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு போடியில் என் வீட்டுக்கு வந்தார். நான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் தம்பி. நெலம் இருந்திருந்தா கஞ்சிக்குக் கவலையில்ல. இந்தப் பணம் இல்லாட்டி கண்ணு இல்ல. எது சரின்னு எனக்கே வெளங்கல."

எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"அந்தக் கிழவன் வந்துட்டான் தம்பி. பாவம், நல்ல மனுசனாத்தான் இருக்கான். முன்னமே தெரிஞ்சிருந்தா இன்னுங்கொஞ்சம் சேத்து வச்சிருப்பேன்."

எனக்கும் அந்தக் கிழவனை ரொம்பப் பிடித்திருந்தது.