பிழைதிருத்துநரின் ஆத்ம விசாரம்

வீட்டை விட்டு யோகாவை விரட்டியே தீருவது என்று பிழைதிருத்துநர் தீர்மானித்துவிட்டார். அச்சகத்தில் ஆயுசு முழுக்க அடுத்தவர் எழுத்தில் தப்புக் கண்டுபிடித்தவர். போயும் போயும் தரையில் விரிக்கிற ஒரு பாயிடமா தோற்பார்?

வினை டாக்டர் ரூபத்தில் வந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, இனிப்பைத் தொடாதீர்கள், காலையில் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று அவர் சொல்லப்போக, தையற்காரியான மனைவி மறுநாளே முன்னறையில் இரண்டு பாய்களை விரித்துவிட்டாள். ஒன்றில் அவள் கண்மூடி உட்கார்ந்தாள். இன்னொன்று பிழைதிருத்துநரை விழுங்கக் காத்துக் கிடந்தது.

அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. மடியில் தடிமனாக ஒரு அத்வைதப் புத்தகம்.

"கயித்தைப் பாம்புன்னு நெனச்சுப் பயப்படறோம்னு வை. கண்ணை மூடி மூச்சைப் பிடிச்சா பாம்பு போயிடுமா? திறந்தா அங்கேயேதான் இருக்கும். விளக்கைக் கொண்டுவந்து பார்க்கணும். நான் யாருன்னு விசாரிக்கணும். அறிவாலதான் விடுதலை. குனிஞ்சு நிமிர்ந்தா இடுப்பு வலிதான் மிச்சம்."

"நீங்க யாருன்னு நிதானமா கண்டுபிடிங்க. அதுவரைக்கும் உடம்புல உயிர் இருக்கணும்ல?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

அவள் கண்ணைத் திறக்காத அந்த அரைமணி நேரத்தில்தான் அவருடைய உயிரே இருந்தது. அளவு கொடுக்க வருகிறவர்களுக்காக அவள் வாங்கி வைக்கும் க்ரீம் பிஸ்கட் டப்பா அடுக்களை அலமாரியில் இருந்தது. பூனைநடை போட்டுப் போவார். சத்தம் வராமல் வாயில் ஊறவைத்துத் தின்பதில் அவருக்குச் சமாதி நிலையே கைகூடியிருந்தது.

ஆனாலும் வாதத்தில் ஜெயிக்கிற ஆசை பிஸ்கட் ஆசையையும் மிஞ்சிவிட்டது. அவள் துணி வெட்டும்போது வாதாடினார், பித்தான் தைக்கும்போது வாதாடினார். கடைசியில் ஒரு காலை அவள் இரண்டு பாய்களையும் சுருட்டி மூலையில் சாத்தினாள்.

"நீங்க சொல்றதுதான் சரி. கண்ணை மூடிட்டிருந்தா உண்மை தெரியாது. இனி நானும் விசாரம்தான்."

ஜெயித்த பூரிப்புக்கு ஏதாவது தித்திப்பாக வேண்டியிருந்தது. அவள் துணி உலர்த்த மாடிக்குப் போனதும் அடுக்களைக்குள் புகுந்து, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் புத்தகத்தை விரித்துக்கொண்டார். அவள் இறங்கி வந்து, எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்கள் அகலத் திறந்திருந்தன.

"ஆத்மாவுக்கு நிறம் உண்டாங்க?"

"நிறமும் கிடையாது, உருவமும் கிடையாது."

"அப்ப மீசை ஏன் நீலமா இருக்கு?"

துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியைப் பொடித்து, டப்பா மூடியில் தடவி வைத்திருந்தாள். விரலில் நீலம். மீசையில் நீலம். பிரம்மத்துக்குக் குணமே இல்லை என்று சொல்லும் பக்கத்தின் ஓரத்திலும் கட்டைவிரல் அளவுக்கு நீலம்.

பிழைதிருத்துநர் தொண்டையைச் செருமினார். "இங்க பாரு, தின்னது நான் இல்லை. ஆத்மா எதையும் செய்யாது, சும்மா பார்த்துட்டு இருக்கும். தின்னது உடம்பு."

"அப்படியா?" அவள் எழுந்து பாயை விரித்தாள். "அப்ப மூச்சுப் பயிற்சியையும் உடம்பே செய்யட்டும். ஆத்மா நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்க்கட்டும்."

எவ்வளவு யோசித்தும் இதில் திருத்த ஒரு பிழை அகப்படவில்லை. போய் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார், விட்டார். பக்கத்தில் மொறுக்கென்று ஒரு சத்தம். கூடவே க்ரீம் வாசனை.

"யாரு அங்க தின்றது?"

"மாயைங்க. கண்ணைத் திறக்காம மூச்சை இழுங்க."