கிழிந்த நாற்காலியும் என் இடது கையும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும், பிறந்து பன்னிரண்டு நாளான என் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

கக்குவான் இருமல் தடுப்பூசி போடாத யாரும் குழந்தையைத் தூக்கக் கூடாது, மாமாவானாலும் சரி என்று போனில் கண்டிப்பாகச் சொன்னீர்கள், நியாயம்தான். ஆனால் நாற்பது வருஷமாகச் சோபாவும் மெத்தையும் தைக்கிறவருக்கு ஊசியென்றால் பயமா என்று சிரித்தீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. என் ஊசியின் காது என் பக்கம் இருக்கிறது மாப்பிள்ளை, அவர்கள் ஊசியின் முனையல்லவா என் பக்கம் இருக்கிறது! திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய், பின்னால் நின்றவருக்கு அவசரம் போலத் தெரிந்ததால் என் டோக்கனை அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை ஸ்பிரிட் வாசனை வந்ததுமே கண் இருட்டிவிட்டது. முழித்துப் பார்த்தால் கட்டிலில் கிடக்கிறேன், ஊசி இன்னும் போடவில்லை. திரும்பி வரும்போது உங்கள் அத்தை வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வந்தால் எதையோ யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

நேற்று மூன்றாம் முறை; டோக்கன் வாங்க உங்கள் அத்தை எனக்கு முன்பே உள்ளே போய்விட்டாள். நர்ஸம்மா எனக்குக் காட்டிய நாற்காலியில் ரெக்சின் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. தானாகக் கிழிந்தால் இவ்வளவு நேராகக் கிழியாதே என்று நினைத்தேன். இருந்தாலும் கிழிசலைக் கண்டால் கை சும்மா இருக்குமா? சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் வளைந்த ஊசியை எடுத்து, இடது கையால் கிழிசலை அழுத்திப் பிடித்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தேன். எட்டாவது தையலில் நர்ஸம்மா என் இடது சட்டைக் கையை மடித்தார். வேலை நேரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். முடிச்சுப் போட்டு நிமிர்ந்தால், "முடிஞ்சுதுங்க ஐயா, வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்.

"ஊசி போடணுமேம்மா?"

"எப்பவோ போட்டாச்சே."

ஆகவே கத்தாமல், மயங்காமல் வீரனாகப் போட்டுக்கொண்டேன் என்பதற்கு நர்ஸம்மாவே சாட்சி. இரண்டு வாரம் கழித்து வருகிறோம். பேத்தியை முதலில் என் மடியில்தான் போட வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

உங்கள் குடும்பம் தையல் விடாமல் நீடித்திருக்க ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடி உங்கள் அத்தையின் கைப்பையைத் திறந்தேன். நான் ரெக்சின் வெட்டும் கத்தி உள்ளே இருந்தது, நுனியில் கொஞ்சம் பஞ்சு. நர்ஸம்மாவுக்கும் இதில் பங்கு இருக்கிறது. நேராகக் கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் தடுப்பூசி அட்டை கண்ணில் பட்டது, அடுத்த மாதம் இரண்டாவது ஊசியாம். கத்தியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.