துவக்குக்குப் போட்ட கொசுறு

பெண் பார்க்கப் போகிறவர்களுக்குப் பஜ்ஜியும் சொஜ்ஜியும் கொடுப்பார்கள். என்னை மாப்பிள்ளை பார்த்தவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார். அதுவும் தீபாவளித் துப்பாக்கியைத் தவிர வேறெதையும் தொட்டிராதவன் கையில், குழல் வாய் வழியாக மருந்து கொட்டி நிரப்புகிற பழைய பாணி நீளத் துப்பாக்கி. அன்று எனக்கு வியர்த்த வியர்வையில் ஒரு வாளித் துணி துவைத்திருக்கலாம்.

தாரணியும் நானும் ஆக்லாந்து நகர மையத்தில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், வீடு ஹில்ஸ்பரோவில். நான் திருமங்கலத்து மளிகைக்கடைக்காரர் மகன், பிளாட் புஷ்ஷில் நண்பர்களோடு வாடகை வீடு. எங்கள் விஷயத்தைத் தாரணி ஒருவழியாக வீட்டில் சொன்னதும் அவள் அம்மா உடனே ஓம் என்றுவிட்டார். அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. அந்தப் பொடியனோடு ஒருநாள் முயல் வேட்டைக்குப் போய்க் கதைத்துப் பார்க்கிறேன் என்றாராம். அவர் முடிவுதான் முடிவு என்றாள் தாரணி. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அங்கிள் (அப்போது எனக்கு அவர் வெறும் அங்கிள்தான்) ஃபார்மசியில் வேலை பார்ப்பவர். மில்லிகிராம் கணக்கிலேயே வாழ்கிற மனிதர். தேநீருக்குச் சீனி போட்டாலும் கரண்டியின் தலையைக் கத்தியால் வழித்துவிட்டுத்தான் போடுவார். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தெற்கே அவருடைய நண்பரின் பண்ணைக்குப் போனோம். முயல்கள் புல்லையெல்லாம் மேய்ந்து தீர்ப்பதாகப் பண்ணைக்காரருக்குக் கவலை. காரில் அங்கிள் வாயே திறக்கவில்லை. நான் மூடவில்லை (பயந்தால் எனக்கு வாய் நிற்காது). நடுவில் தாரணியிடமிருந்து மெசேஜ். சித்தப்பா குடும்பம் இரவு சாப்பாட்டுக்கு வருகிறது, அம்மா கறித்தூள் வறுத்து வெங்காயமும் வெட்டிவிட்டார், நீ சுடுகிற முயல்தான் கறி. அதைப் படித்ததும் இருந்த கொஞ்சத் தெம்பும் போயிற்று.

லைசென்ஸ் அவருடையது. அவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தால் நான் சுடலாம். வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினார். சின்னக் குழல், கொண்டைக்கடலை அளவுதான் குண்டு. முதலில் கரிமருந்து, அதன்மேல் எண்ணெய் தடவிய துணித்துண்டோடு குண்டு, பிறகு ஒரு கோலால் அடிவரை தள்ள வேண்டும். எவ்வளவு மருந்து என்பதை அவர் சும்மா முடிவு செய்யவில்லை. வாரக்கணக்கில் கூட்டியும் குறைத்தும் காகிதத்தில் சுட்டுப் பார்த்திருக்கிறார். இருபது கிரெய்ன், அதாவது சுமார் ஒன்றேகால் கிராம் போட்டால் குண்டெல்லாம் ஒரே இடத்தில் விழுந்ததாம். அதற்கென்றே விரல் நீளத்தில் ஒரு பித்தளை அளவுக்குழாய் வைத்திருந்தார்.

“தம்பி, மானுக்கு வேற, முயலுக்கு வேற. இந்தச் சின்னத் துவக்குக்கு இது ஒண்டு காணும். கூடப் போட்டால் முயல் விழும், ஆனால் கறிக்கு ஒண்டும் மிஞ்சாது,” என்றார்.

துவக்கு என்றால் துப்பாக்கி, காணும் என்றால் போதும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தலையைப் பலமாக ஆட்டினேன். தம்பி, நீரே மருந்தை நிரப்பும் என்று என்னிடம் கொடுத்துவிட்டு, முயல் தெரிகிறதா என்று புல்வெளியைப் பார்க்க ஆரம்பித்தார்.

இங்கேதான் என் ரத்தத்தில் ஓடுகிற மளிகைக்கடை தன் வேலையைக் காட்டியது. எங்கள் கடையில் படியைத் தலைதட்டி அளந்தால் கஞ்சன் என்று பெயர். கும்பாச்சியாகக் குவித்து அளந்து, மேலே கொசுறும் போட்டால்தான் அப்பாவுக்குத் திருப்தி. அங்கிள் எந்த நிமிடமும் திரும்புவார். அந்த நேரம் பார்த்து நான் விரலால் தலைதட்டிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்? என் பெண்ணுக்கும் இவன் இப்படித்தான் அளந்து போடுவான் என்று நினைக்க மாட்டாரா? (சத்தியமாக அப்படித்தான் யோசித்தேன்.) குழாயைக் கும்பாச்சியாக நிரப்பிக் கொட்டினேன். கொசுறாக இன்னொன்றும் கொட்டினேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. குண்டைத் தள்ளி முடித்தபோது அவர் திரும்பி, அளந்துதானே போட்டீர் என்று கேட்டார். ஆமா அங்கிள், அளந்துதான் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லையே.

எதிரே புதரோரம் ஒரு முயல் வந்து உட்கார்ந்தது. தலையைக் குறிபார்க்கச் சொன்னார். நான் பார்த்த குறி தலையிலிருந்து வால்வரை நடந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினேன். காது அடைத்தது. பொங்கல் வைக்க ஊதிய அடுப்பு மாதிரி எங்கும் வெள்ளைப் புகை.

புகை விலகியதும் போய்ப் பார்த்தோம். காதுகள் இருந்தன. கால்கள் இருந்தன. நடுவில் சட்டியில் போடுகிற மாதிரி எதுவும் இல்லை. அந்தச் சத்தத்தில் மற்ற முயல்களும் வளைக்குள் போய்விட்டன, இருட்டும்வரை ஒன்றுகூட வெளியே வரவில்லை.

“எத்தினை போட்டனீர்?”

“ஒண்ணு, கும்பாச்சியா. அப்புறம் கொசுறு ஒண்ணு.”

“கொசுறு எண்டால்?”

விளக்கினேன். திருமங்கலம், அப்பா, படி, தலைதட்டுவதில் உள்ள அவமானம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கி, குழலை மேலும் கீழும் தடவிப் பார்த்து, வெடித்துப் போகாமல் பிழைத்துவிட்டது என்பதுபோலத் தலையசைத்து உறையில் போட்டார். வீடு வரும்வரை என் வாயும் நின்றுவிட்டது. என் கல்யாணத்தை நானே சுட்டுவிட்டேன் என்று தெளிவாகத் தெரிந்தது. அழுகை வந்தது, காரில் அழக்கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தாரணியின் அம்மா வெறும் பையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் குழம்பில் முட்டைகளைப் போட்டார். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் சித்தப்பா முயல் எங்கே என்று கேட்டார். அங்கிள் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். சித்தப்பாவுக்குப் புரையேறியது. தாரணி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. நான் தட்டில் இருந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இவருக்கு அளக்கத் தெரியாது,” என்றார் அங்கிள். “ஆனால் குறைச்சுப் போடவும் தெரியாது. பிள்ளையைத் தாறன். துவக்கைத் தரமாட்டன். இனி அங்கிள் எண்டு கூப்பிடாதையும்.”

சொன்ன சொல்லை மாமா இன்றுவரை காப்பாற்றுகிறார். வேட்டைக்குப் போனால் நான் பை தூக்குகிறேன், தண்ணீர் போத்தல் தூக்குகிறேன். துப்பாக்கி இருக்கிற அலமாரிச் சாவி எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. விருந்தில் யாராவது சோற்றை அள்ளிக் குவித்தால், ஐயோ, மாப்பிள்ளை அளவு வேண்டாம் என்று தட்டை இழுத்துக்கொள்வார்கள். அதற்கெல்லாம் பழகிவிட்டேன்.

ஆனால் எங்கள் மகளுக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் மாமா தாரணியை அழைப்பதில்லை. நேராக எனக்குத்தான் போன் செய்வார். எத்தனை டிகிரி என்று கேட்க மாட்டார்.

“சிரப் ஆர் அளந்து குடுக்கிறது?”

“தாரணிதான், மாமா.”

“அப்ப சரி,” என்று வைத்துவிடுவார்.