எக்ஸ்ரென்சன்கள் ஏகமனதாக நீக்கப்பட்டமை தொடர்பாக

கொக்கிளாய்,
சனிக்கிழமை.

அன்புள்ள மச்சான் யூட்சனுக்கு,

உம்முடைய அத்தான் யோசெப் எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் இங்கே நானும் உம்முடைய அக்கா ஜோசப்பினும் சுகம், தோணியும் சுகம், வலையில் மட்டும் இரண்டு இடத்தில் பொத்தல். வவுனியாவில் நீரும் பிள்ளைகளும் பொத்தல் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை நீர் போனில் அக்காவிடம், "அத்தான் கேக்கிறதுக்கெல்லாம் ஓம் எண்டு குத்தியிருப்பார், அதுதான் லப்டொப் இப்பிடி ஆடுது" என்று சொன்னதாக அறிந்தேன். சங்கத்துக்கு லப்டொப் தந்தவர் நீர். அதற்கான நன்றி கூட்டறிக்கைப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கதைக்கு எழுத்தில் பதில் தராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் பதினாலு வருடமாக நான்தான் செயலாளர். இந்தப் பதினாலு வருடத்தில் நான் தனியாக ஒன்றுக்கும் ஓம் சொன்னது கிடையாது. ஒரு கதிரை வாங்குவதென்றாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், நான் எழுத வேண்டும். தீர்மானம் இல்லாமல் ஒரு காரியம் செய்யும் உத்தியோகத்தர் பதவி நீக்கப்படுவார் என்ற விதியைச் சங்கத்தின் யாப்பில் எழுதி வைத்தவனும் நானேதான். லப்டொப் கேட்ட கேள்விகளுக்கும் அந்த முறைப்படிதான் பதில் போனது.

நடந்தது இதுதான். எங்கள் இறங்குதுறைக்கு ஒரு சூரிய விளக்கு வேண்டுமென்று எவ்வளவு காலமாகக் கேட்கிறோம் என்பது உமக்குத் தெரியும். தை மாதம் விடியப்புறம் திரும்பி வந்த அனோஜன் துறை எது கரை எது என்று தெரியாமல் தோணியைக் கண்டல் மரங்களுக்குள் ஏற்றி, கால் முறிந்து, இரண்டு பிள்ளைகளின் தகப்பன் இன்றைக்கும் ஊன்றுகோலோடு திரிகிறான். அந்த விளக்குக்கு மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பம் கோரியிருந்தார்கள். இன்ரநெற்றில்தான் நிரப்ப வேண்டும், வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிதான் முடிவு, தவறினால் அடுத்த வருடம். இணைக்கவேண்டிய கடிதங்களை பிடிஎப் ஆக்கவேண்டும் என்றபடியால் இலவசமாக ஆக்கித் தரும் ஒரு தளத்துக்குப் போனேன். அது உடனே, "இந்த எக்ஸ்ரென்சனைச் சேர்க்கட்டுமா?" என்று, உலாவியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு குட்டிச் செயலிக்கு இடம் கேட்டது. நான் குத்தினேனா? இல்லை. மூடியைச் சாத்தி, ஞாயிறு பூசை முடிந்து கூடிய கூட்டத்துக்கு லப்டொப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். பொருளாளர் பிறின்சிதான் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொன்னா: எல்லா இணையத்தளங்களிலும் உள்ள எங்கள் தரவுகளை வாசிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கிறதாம். கருவாட்டு மீனம்மா, "வாசிக்கத்தானே கேக்குது, வாசிச்சிட்டுப் போகட்டும். நாங்கள் என்ன களவே செய்யிறம், ஒளிக்கிறதுக்கு?" என்றா. "மாத்தவும் கேக்குதே" என்றேன். "பிழை இருந்தால் மாத்தட்டும்" என்று முன்மொழிந்தா. ஏகமனதாக நிறைவேறியது.

அதன் பிறகு காலநிலை சொல்கிறேன் என்று ஒன்று வந்தது, கடற்கரைச் சனத்துக்கு அது வேண்டாமா? மலிவு விலை தேடித் தருகிறேன் என்று ஒன்று, திருவிழா வீடியோவை இறக்கித் தருகிறேன் என்று ஒன்று, தேடுவதற்கு உதவி செய்கிறேன் என்று ஒன்று. ஐந்துக்கும் திகதியோடு தீர்மானம் இருக்கிறது, வந்து பாரும். நடுவில் ஏதோ ஒரு தளம், "உங்களுக்கு அறிவித்தல் அனுப்பலாமா?" என்று கேட்டது. அறிவித்தல் வேண்டாம் என்று சொல்லுகிற சங்கம் உலகத்தில் எங்கே இருக்கிறது? அதுவும் நிறைவேறியது.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பது பிறகுதான் விளங்கியது. மாவட்டச் செயலகம் என்று தேடினால் தலைமயிர் எண்ணெய் வந்தது. விண்ணப்பத்தில் சங்கத்தின் பெயரை எழுதத் தொடங்க, அதன் மேலே ஒரு பொம்பிளைப்பிள்ளை வந்து நின்று மெலிவதற்கு ஒரு தேயிலை இருக்கிறது என்றா. கடலுக்குப் போகிற சனத்துக்கு மெலிய ஆரும் தேயிலை குடுக்கத் தேவையில்லை. மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழும்பி, கணினியில் ஐந்து வைரஸ் இருக்கிறது, இதை அழுத்துங்கள் என்று நிமிடத்துக்கு ஒரு தரம் அலறியது. அறிவித்தல் என்றபடியால் அதையும் கூட்டத்தில் வாசித்தேன், வாசித்திருக்கக் கூடாது. முன் வரிசை முழுக்க எழும்பிப் பின்னுக்குப் போய்விட்டது. பங்குத்தந்தையைக் கேட்டோம். "தீர்த்தம் தெளிச்சால் இருக்கிறதும் பழுதாப்போகும், நான் தூரத்தில நிண்டு செபிக்கிறன்" என்றார்.

அப்போதுதான் நீர் அனுப்பிய ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டேன். இரண்டு நிமிடத்தில் முக்கால்வாசி என்னைப் பற்றிய விமர்சனம். மிச்சத்தில், மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, எக்ஸ்ரென்சன் என்ற இடத்துக்குப் போய், தேவையில்லாததை நீக்கச் சொல்லியிருந்தீர். உமக்கு இது ஒரு குத்து. எங்களுக்கு அப்படி முடியுமா? பொதுச்சபை நிறைவேற்றியதைப் பொதுச்சபைதான் கைவிடலாம், அதற்கு இருபத்துமூன்று பேர் இருந்தால்தான் கோரம், ஒரு தலை குறைந்தாலும் தீர்மானம் செல்லாது. புதன்கிழமை விசேட கூட்டம் கூட்டினேன். இறால் படுகிற நேரம், இருபத்திரண்டு பேர்தான் வந்தார்கள். கலைப்போம் என்று எழும்ப, அனோஜன் முக்கால் கட்டை தூரம் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நான் இருபத்துமூண்டு" என்று உட்கார்ந்தான். எனக்குக் கண் கலங்கிப் போனது, அதை மட்டும் கூட்டறிக்கையில் எழுதவில்லை.

ஒவ்வொன்றாக வாக்கெடுப்பு. காலநிலையை நீக்க மீனம்மா விடவில்லை, அது சொன்ன மூன்று மழையில் ஒன்று பெய்ததாம். ஒரு மணித்தியாலம் வாதாடி அதுவும் போனது. நான்கு போய்விட்டது, ஐந்தாவதான தேடல் உதவிக்காரன் மட்டும் அசையவில்லை. நீக்கு என்ற சொல்லே மங்கிக் கிடந்தது. பக்கத்தில், "உங்கள் அமைப்பினால் நிர்வகிக்கப்படுகிறது" என்று எழுதியிருப்பதாகப் பிறின்சி சொன்னா. முதலில் எல்லோரும் கை தட்டினோம், கணினிக்குள்ளேயே சங்கத்தின் பெயர் போயிருக்கிறதே என்று. பிறகு, அதை நிர்வகிக்க ஆரை எப்போது நியமித்தோம் என்று கேள்வி வந்தது. கூட்டறிக்கையில் அப்படி ஒரு நியமனம் இல்லவே இல்லை. வியாழன் முழுக்க அந்தப் புத்தகத்தோடு இருந்தேன், உம்முடைய அக்கா கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப்போனது.

இனித்தான் நீர் கவனமாக வாசிக்க வேண்டிய இடம். லப்டொப்பில் உள்ள செயலிகளின் பட்டியலைத் திறந்தால், எது எந்தத் திகதியில் வந்தது என்று அதுவும் ஒரு கூட்டறிக்கைபோல எழுதி வைத்திருக்கிறது. நான் என்னுடைய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திகதியாக ஒப்பிட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டமே இல்லாத நாள், ஒருவன் உள்ளே புகுந்திருக்கிறான். மலிவு விலைக்காரனின் வாலில் தொங்கிக்கொண்டு வந்த ஒரு செயலி. தீர்மானம் இல்லாமல் வந்தவனை வெளியேற்றத் தீர்மானம் தேவையில்லை. நீக்கினேன். உலாவியைப் பழைய நிலைக்குத் திருப்பினேன், தேடல் உதவிக்காரன் சத்தமில்லாமல் போனான். அறிவித்தல் அனுப்ப அனுமதித்த தளங்களின் பட்டியலில் இருந்து, புதன்கிழமைக் கூட்டம் கைவிட்டிருந்த அந்தச் சிவப்புப் பெட்டிக்காரனையும் வெட்டினேன். படித்த ஆட்கள் திகதி எழுதி வைப்பதில்லை, அதனால்தான் அவர்களுக்கு இது பிடிபடுவதில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் இறாலுக்குப் போய்விட்டார்கள். சங்கக் கட்டடத்தில் நானும் லப்டொப்பும்தான். எண்ணெய் இல்லை, தேயிலை இல்லை, விண்ணப்பம் மட்டும் திரையில் வெள்ளையாக நின்றது. மூன்று நாற்பதுக்கு அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு இலக்கமும் வந்தது. ஐம்பத்தெட்டு வயதில், வலை பொத்துகிற கையால், ஒருவரின் உதவியும் இல்லாமல் நான் செய்த வேலை இது. பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆகவே மச்சான், அத்தான் கேட்கிறதுக்கெல்லாம் ஓம் குத்துகிறவர் இல்லை என்பதை அக்காவிடம் போனில், அவா ஸ்பீக்கரைப் போட்ட பிறகு, திருத்திச் சொல்லவும். மாதா உம்மையும் குடும்பத்தையும் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகளின் நெற்றியில் என் பேரால் ஒரு சிலுவை போட்டுவிடும்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
சூ. யோசெப்,
செயலாளர்.

பி.கு.: இன்று ஞாயிறு. செயலாளர் அனுப்பும் கடிதங்களைப் பொருளாளர் வாசித்த பிறகுதான் முத்திரை குத்துவது என்பதும் நான் எழுதிய விதி. பிறின்சி இதை வாசித்து முடித்து, "எல்லாம் சரி அண்ணை, வெள்ளிக்கிழமை அனுப்பினதை முன்மொழிஞ்சது ஆர்?" என்று கேட்டா. புத்தகத்தைப் புரட்டினேன். நிரப்புவதற்குத் தீர்மானம் இருக்கிறது. அனுப்புவதற்கு இல்லை. கடைசிப் பக்கத்தில், "சங்கத்தின் சம்மதத்துடன் அனுப்புகிறீர்களா?" என்று ஒரு பெட்டி கேட்டது, மணி மூன்று நாற்பது, எனக்கு அனோஜன்ரை கால்தான் கண்ணுக்குள்ள நிண்டது. ஓம் எண்டு குத்திப்போட்டன். நீர் அக்காவிடம் ஒன்றும் திருத்திச் சொல்லத் தேவையில்லை.

விதி விதிதான். பூசை முடிந்து கூடிய கூட்டத்தில் என்னைப் பதவி நீக்க, "விளக்கு நல்லது, ஆனால் விதி விதி" என்று மீனம்மா அழுதுகொண்டே முன்மொழிந்தா. பிறின்சி வழிமொழிந்தா. நானே எழுதினேன். தலைகளை எண்ணினால் இருபத்திரண்டு. அனோஜன் வாசலில் ஊன்றுகோலோடு நின்றான். "உள்ள வாவன், கோரத்துக்கு ஒரு ஆள் குறையுது" என்று மீனம்மா கூப்பிட்டா. "கால் நோகுது அம்மா, நான் வெளியில நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு, கூட்டம் கலையும் வரைக்கும் அவன் அந்தப் படியை மிதிக்கவில்லை.