வலம்புரிச் சங்கும் உப்புக் கம்பெனிப் பங்கும்

திரேஸ்புரத்தில் சீலா மீனைச் சும்மா கொடுத்தால்கூட இப்படி வரிசை நிற்காது. இத்தனை தள்ளுமுள்ளும் வலம்புரிச் சாமியைப் பார்க்கத்தான். எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும் என்று அவருடைய சங்கு சொல்லுமாம். சாமி அதைத் தம் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். கேட்டதை நம் காதில் கிசுகிசுப்பார். வெளியே சொன்னால் பலன் போய்விடும். காணிக்கை கொடுத்ததை மட்டும் ஊரறியச் சொல்லலாம், அதற்குத் தோஷமில்லை!

செந்தூர்பாண்டி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கயிற்றைச் சோதிக்காமல் ஒரு பெட்டியைத் தூக்கியதில்லை, மகராசன். அப்பேர்ப்பட்டவர் ஓய்வுக்கு வந்த பணம் முழுவதையும் ஒரே உப்புக் கம்பெனிப் பங்கில் போடத் துடித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் ஊரெல்லாம் அந்தக் கம்பெனிப் பேச்சுதான்.

“நம்ம பக்கத்து வீட்டு ரோச்சுக்குச் சாமி மூணு தடவை சொன்னாரு, மூணும் பலிச்சிருக்கு!” என்றார் வீட்டில்.

“பலிக்காதவனையும் கூட்டிட்டு வாங்க, பாப்போம்,” என்றாள் மனைவி முத்துச்செல்வி. “கடைசிக் காலத்துக் கஞ்சிக்கு அது ஒண்ணுதான் இருக்கு. நானும் வாரேன்.”

சாமி சங்கைக் கேட்டார். “ஏறும்,” என்றார். செந்தூர்பாண்டிக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்து முத்துச்செல்வி, யாரோ எவரோ போலப் போய் அதே பங்கைக் கேட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தாள். பார்த்து முடித்தவர்கள் எல்லாம் அங்கேதான் பிரசாதச் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்களுக்கு என்ன சொன்னாரு?”

“ஏளா, வெளிய சொன்னா பலன் போயிரும்!”

“பணம் போறதுக்குப் பலன் போகட்டும். எனக்கு எறங்கும்னாரு.”

“எனக்கு ஏறும்னாரே!” என்று பதறினார் செந்தூர்பாண்டி. அவளோ, கிடந்த வலைக்கயிற்றை முற்றத்தின் நடுவே நீளமாக இழுத்துப்போட்டாள்.

“உப்புக் கம்பெனி ஏறும்னு கேட்டவங்க இங்கன வாங்க! எறங்கும்னு கேட்டவங்க அங்கன போங்க!”

தயங்கித் தயங்கி நகர்ந்தார்கள். கடைசியில் கயிற்றின் இருபக்கமும் சமமாக ஆள் நின்றது. கபடி ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி.

“அப்ப எனக்கு மூணு தடவை பலிச்சதே?” என்றார் கூட்டத்தில் நின்ற ரோச், அழாக்குறையாக.

“பாதிப் பேருக்கு ஏறும், பாதிப் பேருக்கு எறங்கும்னா எவனுக்காவது பலிக்கத்தானே செய்யும், அண்ணாச்சி? பலிச்சவன் நாலு பேரோட திரும்பி வாரான். கவுந்தவன் வெக்கப்பட்டு வீட்டுல கெடக்கான்.”

சத்தம் கேட்டுச் சாமி ஓடிவந்தார். “சங்கைக் காதுல வச்சுப் பாருங்க, பேசுதா இல்லையான்னு!”

முத்துச்செல்வி காலி டம்ளரை ரோச்சின் காதில் கவிழ்த்தாள். “என்ன கேக்கு?”

“ஓ...ன்னு எரையுது.”

“எந்தப் பங்கு வாங்கச் சொல்லுது?”

முற்றமே சிரித்தது. சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எடுத்த ஓட்டத்தில் சங்கைக்கூட மறந்துவிட்டார்.

“கயித்தச் சோதிக்க மறந்துட்டேன்,” என்று தலையைச் சொறிந்தார் செந்தூர்பாண்டி.

“ஒரே கயித்துல அம்புட்டையும் தொங்கவிடப் பாத்தியளே!”

அப்போதும் ஒருவர் அந்தச் சங்கை எடுத்து மெல்லக் காதில் வைத்துப் பார்த்தார், கேளுங்கள்! ஐயா, சங்குக்குள் இருப்பது வெறும் காற்று. தலைக்குள்ளும் அதுதானா என்று அவரவர் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.