சீல் உடையாத மூன்று பாட்டில்கள்

எண்ணெய்ச்சாமிக்கு மூட்டைக்காரன் வைத்திருந்த பாக்கி ஐயாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய். மூன்று பாட்டில் மந்திரித்த எண்ணெய், பாட்டில் ஆயிரத்து எழுநூற்றைம்பது. கடனுக்கும் அருள் கொடுக்கிற சாமி என்பதால் அவருடைய தகரக் கொட்டகை முன்னால் எப்போதும் கூட்டம். லாரி ஓட்டுபவன் வருவான், கொத்தன் வருவான், கடை முதலாளி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வருவார். கேட்டால் எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரனுக்காக வந்தவர்கள். தனக்கென்று வந்தவன் ஒருத்தன் கிடையாது.

எல்லாருக்கும் ஒரே நோய்தான். மறைவிடத்தில் முதலில் குறுகுறுப்பு. பிறகு கொத்தாக நீர்க்கொப்புளம். உடைந்தால் புண். ஒன்றுக்குப் போனால் மிளகாய் தடவிய காந்தல். தொடையிடுக்கில் நெறிக்கட்டு, கூடவே காய்ச்சல். மூட்டைக்காரனுக்கு முதல் தடவை இதெல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் வந்தது. டாக்டரிடம் காட்ட வெட்கம். சாமியிடம் காட்டவே வேண்டாம், அவர் கண்ணை மூடிக்கொண்டே பார்த்துவிடுவார்.

ரொக்கம் கொடுத்த முதல் பாட்டிலில் புண் ஆறியது. இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. அதற்கும் சாமியிடம் விடை இருந்தது: பெண்டாட்டி மறைத்த பாவம். ஆகவே இனிமேல் எண்ணெயை அவள்தான் வந்து வாங்கிப் போக வேண்டும். விற்றவன் மேல் குற்றமில்லை, பூசியவன் மேல் குற்றமில்லை, துணைக்கு நின்றவள் பாவி. நல்ல நியாயம்.

அவள் ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் கூடத்தில் வேலை செய்பவள். விரிப்புகளை எண்ணிக் கொடுக்க வரும் நர்ஸிடம் விசாரித்தாள். இது ஹெர்பிஸ் போலத்தான் இருக்கிறது, வைரஸ், உடலுறவில் தொற்றும், புண் இல்லாத நாளிலும் தொற்றலாம் என்றாள் நர்ஸ். பலருக்கு ஒன்றுமே தெரியாமல் வருஷக்கணக்கில் உடம்பில் கிடக்குமாம். யார் யாருக்குக் கொடுத்தது என்று அந்தச் சாமிக்கு அப்பனாலும் சொல்ல முடியாதாம். வேரோடு போக்க மருந்தில்லை, அடக்கிவைக்க மாத்திரை உண்டு. கொப்புளம் தானே காயும், தானே வரும்.

தானே காயும் என்பது அவள் காதில் நின்றது. அன்றிலிருந்து சாமி கொடுத்த பாட்டிலைப் பெட்டியில் பூட்டினாள். காலியான முதல் பாட்டிலில் சமையல் எண்ணெயை ஊற்றிக் கணவனிடம் நீட்டினாள். மூன்று தடவையும் எட்டு ஒன்பது நாளில் புண் காய்ந்தது. மூன்று தடவையும் அவன் கொட்டகை இருந்த திசையைக் கும்பிட்டான்.

ஐந்தாவது தடவை புண் வந்தபோது சாமி கறாராகச் சொல்லிவிட்டார். கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சபை நடுவில் அவள் பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அம்மா வீட்டுக்கு நடையைக் கட்டு என்றான் கணவன். பதினொரு வருஷக் குடித்தனம், ஒரு பாட்டில் எண்ணெய்க்கு முன்னால் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து நின்றாள். மூன்று பாட்டில்களையும் சாமி முன்னால் வரிசையாக வைத்தாள்.

"நீங்க வச்ச அரக்கு சீல் இன்னும் உடையல சாமி. இவரு பூசினது எங்க வீட்டுச் சமையல் எண்ணெய். அதுவும் மருந்தில்ல. புண்ணு தானா காயுது."

சாமி லேசாகச் சிரித்தார். "என் எண்ணெய் வீட்டுல இருந்தாலே போதும், தாயி. அதான் அதோட சக்தி."

"அப்போ ஒரு பாட்டில் போதுமே. தடவைக்கு ஒண்ணு எதுக்கு வாங்கச் சொன்னீங்க?"

சாமிக்குக் கண் திறந்தது. பின்வரிசையில் கடை முதலாளியின் துண்டு நழுவியது. "எனக்கு ஏழு பாட்டில் ஆச்சேய்யா," என்றார், பக்கத்து வீட்டுக்காரனை மறந்து.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நாளைக்கு ரெண்டு பேரும் டாக்டரப் பாக்கப் போறோம். நீங்க வரலன்னா அம்மா வீட்டுக்கு நானே போறேன், நீங்க அனுப்ப வேண்டாம்."

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "வர்றேன்," என்றான்.

கூட்டம் நெருங்கி வருவதைப் பார்த்துச் சாமி அவசரமாக நோட்டைப் பிரித்தார். திறக்காத சரக்கு திரும்பி வந்துவிட்டது, பாக்கி கேட்க வாயில்லை. ஐயாயிரத்து இருநூற்றைம்பதின் மேல் குறுக்கே கோடு போட்டார். மற்றவர்களும் தங்கள் பாக்கியையும் அடித்துவிடச் சொல்லி நின்றார்கள். முதுகுக்குத் தினமும் வேலை கொடுக்கிற ஜனங்களே, தலைக்கும் வாரத்தில் ஒருநாள் கொடுத்தால் கூலியா கேட்கப்போகிறது?